கடைசி வார்த்தைக்கு ஒத்திகை

ஜனவரி 9

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

தம்பியின் ஸ்தோத்திரம். நானும் வீட்டிலும் தேவ கிருபையால் சுகம். அங்கே நீயும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று விசுவாசிக்கிறேன்.

வருஷம் பிறந்ததிலிருந்து உட்கார நேரமில்லை. ‘நோக்கமுள்ள வாழ்வு’ கூட்டங்களுக்கு ஊர் ஊராக அழைக்கிறார்கள். இந்த வருஷத்துத் தலைப்பு, ‘நமக்குப் பின் நாம் விட்டுச் செல்வது என்ன?’ நல்ல தலைப்புத்தான். ஆனால் வெறும் உபதேசம் என்றால் ஜனங்கள் கொட்டாவி விடுகிறார்கள், சம்பவம் கேட்கிறார்கள். அப்பா கண்டக்டராக இருந்த காலத்துச் சம்பவம் ஏதாவது எழுதி அனுப்பேன். நான் விடுதியிலேயே வளர்ந்தவன். நீதான் அவர் பக்கத்தில் இருந்தவள்.

இனி என் பிரசங்க கேசட் மாதாமாதம் அப்பாவுக்குத் தபாலில் வந்துவிடும். நம் ஊழிய அலுவலகத்தில் அவர் முகவரியைச் சேர்த்துவிட்டேன். நான் மறந்தாலும் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

அப்பாவுக்குக் கால் வீக்கம் என்று எழுதியிருந்தாய். கலங்காதே. அவரை ஜெபத்தில் தாங்குகிறோம்.

கிறிஸ்துவின் அன்பில்,
தம்பி

*

ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

நீங்கள் ஜெபத்தில் தாங்குவது சரி. மாடிப்படியில் தாங்குவதற்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு இறங்கி ஏறுவதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிடுகிறது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, அப்பாவுக்கு இருதயம் பெரிதாகிவிட்டது என்றார். இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே எதற்கு, எங்களைக் கேட்டால் சொல்லியிருப்போமே என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிதான இருதயம் அதிக நாள் ஓடாதாம்.

சம்பவம் கேட்டாய். பெரிய அற்புதம் எதுவும் அவர் செய்யவில்லை. காலையில் முதல் ட்ரிப்புக்கு முன்னால் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி ஜெபிப்பார். டிரைவர் ரொம்ப நாள் அவர் தூங்குகிறார் என்றே நினைத்திருந்தாராம். இன்னொன்று, தூரத்தில் யாராவது ஓடி வந்தால் விசில் கொடுக்க மாட்டார். கண்டக்டர் விசில் இல்லாமல் வண்டி நகராதே! டிரைவர் கத்துவார், “யோவ், உன்னால டிப்போவுல நான் திட்டு வாங்குறேன்யா.” உள்ளே இருப்பவர்களும் முணுமுணுப்பார்கள். இவர் படியில் நின்று கையை நீட்டிக்கொண்டு, “ஏறி உட்கார்ந்தவங்களுக்கு என்ன அவசரம்? பாவம், ஓடி வர்றவனைப் பாருங்க” என்பார். அவ்வளவுதான் சம்பவம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை இதேதான்.

அப்படி அதிகமாக ஓடி வந்தவன் நீதான். லீவில் வந்தால்கூட ஒரு நாளும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை. அதனால்தானே உனக்கு ‘ஃபுட்போர்டு’ என்று பெயர் வைத்தார். இப்போதும் தினம் கேட்கிறார், “ஃபுட்போர்டு எப்பம்மா வர்றான்?” ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன் அக்கா

*

பிப்ரவரி 18

பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் இருவர் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறேன்.

நீ சாதாரணமாக எழுதிவிட்டாய், ஆனால் அது பொக்கிஷம்! ‘ஓடி வருகிறவனுக்காகக் காத்திருந்த கண்டக்டர்’ என்று சொன்னதும் பந்தலே அசையாமல் கேட்டது. கூட்டம் முடிந்து எத்தனையோ பேர் முன்னால் வந்து கண்ணீரோடு முழங்கால் போட்டார்கள். கடைசியில் ஒரு சின்ன முடிவு மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்டேன். கதைக்கு அது தேவைப்பட்டது.

உடனே வர முடியாத நிலை. ஜூன் மாதம் வரை தேதிகள் அச்சாகிவிட்டன. ஆத்தும அறுவடை நேரத்தில் சொந்தக் காரியத்துக்காக வயலை விட்டுப் போவது எப்படி? அப்பாவுக்கே அது புரியும்.

கிறிஸ்துவின் அன்பில்,
தம்பி

*

மார்ச் 12

தம்பிக்கு,

இருவரும் இருக்கிறோம். ‘இருக்கிறோம்’ என்பதை அழுத்திப் படிக்கவும். காரணம் கீழே.

உன் கேசட் வந்தது. அப்பா காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டார். கேசட் கேட்க எதற்கு இஸ்திரிச் சட்டை என்றேன். “என் பிள்ளை தேவ வார்த்தை பேசறான், பனியனோட உட்கார்றதா?” என்றார். கீழ்வீட்டு டெய்லரம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

நீ நன்றாகத்தான் பேசினாய். ஓடி வருகிற கதை வந்ததும் அப்பா டெய்லரம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் உன் குரல் தழுதழுத்தது. “என் தகப்பனார் மரணப்படுக்கையிலே என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘மகனே, நான் ஊருக்கு டிக்கெட் கிழித்தேன், நீ பரலோகத்துக்கு வழி காட்டு’ என்றார். பிரியமானவர்களே, அதுவே அவருடைய கடைசி வார்த்தை.”

டெய்லரம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா டேப் ரெக்கார்டரைப் பார்த்தார்.

“நான் எப்பம்மா செத்தேன்?”

டெய்லரம்மாவால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். அப்பாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “இருந்தாலும் நல்லாத்தான் சொல்லியிருக்கேன், இல்ல?” என்றார். அந்த அம்மா போன பிறகும் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் காபி கொடுக்கும்போது மட்டும் கேட்டார், “கையைப் பிடிச்சேனாம். அவன் கையை எப்பம்மா நான் பிடிச்சேன்? பார்த்தே மூணு வருஷம் ஆகுது.”

நான் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள். எத்தனையோ பேர் பிழையைத் திருத்தியிருக்கிறேன். அப்பாவை இறந்தகாலத்தில் போட்டவனை இப்போதுதான் பார்க்கிறேன். ‘சொன்னார்’ அல்ல, ‘சொல்கிறார்’. இன்னும் நிகழ்காலம்தான். அது முடிவதற்குள் வா.

அக்கா

*

ஏப்ரல் 30

அன்பான அக்காவுக்கு,

சுகமா? இங்கே வெயில் கடுமை. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீ எழுதிய விஷயம். பிரசங்கத்தின் ஓட்டத்தில் சில சமயம் வாய் முந்திவிடுகிறது. கேட்கிறவர்கள் மனம் திரும்ப வேண்டும் என்பதுதான் என் நோக்கம், வேறு எண்ணம் இல்லை. இனி அப்படிச் சொல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் சில இடங்களில் அந்தச் சம்பவத்தையே சொல்லும்படி விரும்பிக் கேட்கிறார்கள், அங்கே திடீரென்று மாற்ற முடியவில்லை.

அப்பா கோபமாக இருக்கிறாரா? நீ அதை எழுதவில்லை.

தம்பி

*

மே 11

தம்பிக்கு,

தொண்டைக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளி. நான் சுகம்.

அப்பா கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வேடிக்கைக்கு எழுதவில்லை. ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கட்டிலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெபம் என்று நினைத்துக் கிட்டே போனேன். “மகனே, நான் ஊருக்கு டிக்கெட் கிழித்தேன்... அப்புறம் என்னம்மா?” என்றார். என்னப்பா இது என்றேன்.

“அவன் அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டான்மா. நாளைக்கு யாராவது வந்து விசாரிச்சா? நான் போறப்ப வாயில வேற ஏதாவது வந்துட்டா, என் பிள்ளை பொய்யன்னு ஆயிடுமே. அதையே சொல்லிட்டா? நாள்தான் கொஞ்சம் முன்னே பின்னே. வார்த்தை சரியா இருக்குமில்ல?”

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

இப்போது அவருக்கு ஞாபகம் தடுமாறுகிறது. ஒரு தடவை “நான் பரலோகத்துக்கு டிக்கெட் கிழிச்சேன், நீ ஊருக்கு வழி காட்டு” என்றுவிட்டு, “அதுவும் தப்பில்லையே, அவன் ஊருக்கு வர்ற வழியை மறந்துட்டான்” என்று அவரே சிரித்தார். கையைப் பிடித்தபடி சொல்ல வேண்டுமாம். நீ இல்லாததால் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். ஊசி குத்திக் குத்தி என் கை சொரசொரப்பாக இருக்கிறதாம், உன் கை இப்படி இருக்காதாம். புரூஃப் பார்க்கிறவளுக்கு ஊசி எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. சாயங்காலங்களில் டெய்லரம்மாவிடம் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கிறேன்.

டாக்டர் போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், புரிந்துகொள். கூட்டத்தை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு உடனே கிளம்பு.

அக்கா

*

ஜூன் 2

அக்கா,

அப்பா எப்படி இருக்கிறார்? முதலில் அதை எழுது.

உன் கடிதத்தை என் மனைவியிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை. நான்கு தடவை பெட்டியை எடுத்து வைத்தேன். எங்கள் ஊழியக் கமிட்டி செயலரிடம் போய், “அப்பாவுக்கு முடியவில்லை, போக வேண்டும்” என்று சொல்லக் கிளம்புகிறேன், பாதி வழியில் திரும்பிவிடுகிறேன். எந்த அப்பா என்று கேட்பாரே அக்கா. அவர்தான் அந்தச் சம்பவத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டு அழுகிறவர். தனக்கும் அப்படி ஒரு தகப்பன் இல்லையே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

உடம்பு சரியில்லை என்று வேறு ஒரு பொய் சொல்லிவிட்டு வரலாம்தான். ஒரு பொய்யே இந்தப் பாடுபடுத்துகிறது.

இந்த மாதக் கடைசியில் கூட்டங்கள் முடிகின்றன. முடிந்த மறுநாளே புறப்படுகிறேன், நிச்சயம். அதுவரை அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டு: “அப்பா, ஃபுட்போர்டு வந்துகொண்டிருக்கிறேன். எனக்காக நீங்கள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.”

தம்பி

*

ஜூன் 24

தம்பிக்கு,

தந்தி கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு வைத்திருந்தோம். அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று போதகர் சொன்னார். நேற்று அடக்கம் முடிந்தது.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

இனி அவசரப்பட்டு ஓடி வர வேண்டாம். யாரைப் பார்க்க?

அக்கா

*

ஜூலை 3

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

தந்தி அலுவலக முகவரிக்கு வந்திருக்கிறது. செயலர் வாங்கிப் படித்திருக்கிறார். ‘அப்பா மறைந்தார் உடனே வா.’ எப்போதோ வந்திருக்க வேண்டிய தந்தி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். கூட்டத்துக்கு நடுவில் பழைய காயத்தைக் கிளற வேண்டாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். எல்லாம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது எடுத்துக் கொடுத்தார். “பார்த்தீங்களாய்யா நம்ம தபால் இலாகா லட்சணத்தை? உங்க அப்பா போனது எப்ப, தந்தி வந்தது எப்ப!” என்று சிரித்தார்.

தேதி என் கண்ணில் பட்டது. சுற்றி எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். கை கழுவப் போகிற மாதிரி எழுந்து போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

அதற்கப்புறமும் ஒருவரும் என்னிடம் துக்கம் விசாரிக்கவில்லை. எப்படி விசாரிப்பார்கள்? அவர்களுக்கு அப்பா எப்போதோ இறந்துவிட்டார்.

ஒன்று மட்டும் சொல். கடைசியில் அப்பா என்ன சொன்னார்? அந்த வார்த்தையையா?

தம்பி

*

ஆகஸ்ட் 20

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

போன ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ‘என் அப்பா இரண்டு மாதம் முன்புதான் இறந்தார். நான் சொன்ன கடைசி வார்த்தை நான் கட்டியது. அதைச் சொன்ன நாளில் அவர் உயிரோடு இருந்தார், கேசட்டில் கேட்டார்.’ அதோடு இறங்கிவிட்டேன். பாதிப் பேர் எழுந்து போனார்கள். செயலர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாள் வீட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “ஐயா, இந்தச் சாட்சி முன்னதைவிட உருக்கமா இருக்கு. கேசட் போட்டா என்ன?” என்றார்.

எனக்குப் பயமாகிவிட்டது அக்கா. வேண்டாம் என்று கும்பிட்டு அனுப்பினேன். கூட்டங்களையும் நிறுத்திவிட்டேன். ஆனால் அந்தப் பழைய கேசட் எத்தனை வீடுகளில் இருக்கிறதோ, திரும்ப வாங்க வழியில்லை. ‘நமக்குப் பின் நாம் விட்டுச் செல்வது என்ன?’ என்று ஊரெல்லாம் கேட்டேன். நான் விட்டுச் செல்வது அதுதான். அப்பா சொல்லாத வார்த்தையை அப்பா குரல் மாதிரிச் சொல்லும் என் குரல்.

திரும்பக் கேட்கிறேன். நீ என்ன எழுதினாலும் தாங்கிக்கொள்வேன்.

தம்பி

*

அக்டோபர் 6

தம்பிக்கு,

நான் சுகம். தோள் வலி போய்விட்டது. போகாமலே இருந்திருக்கலாம்.

உன் மேல் கோபம் தீரட்டும் என்று காத்திருந்தேன். முழுதாகத் தீரவில்லை. ஆனால் உனக்குச் சேர வேண்டியதை நான் வைத்துக்கொண்டிருப்பதும் நியாயமில்லை.

அடக்கத்துக்கு எனக்கு முகமே தெரியாத பலர் வந்திருந்தார்கள். ஓர் அம்மா, பரீட்சைக்கு ஓடி வந்த நாளில் உங்க அப்பா பஸ்ஸை நிறுத்தி வெச்சிருந்தார் என்றார். இன்னொருவர் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவராம். அந்தப் பழைய டிரைவரும் வந்திருந்தார். பெட்டியை மூடும் முன்னால், “இன்னைக்கும் லேட்டுதான்யா உன்னால” என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அப்பா எதை விட்டுச் சென்றார் என்று யாரும் தலைப்புப் போட்டுப் பேசவில்லை. வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

இனி நீ கேட்டது.

மத்தியானம். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. போதகர் ஜெபம் செய்துவிட்டுப் போயிருந்தார். நானும் டெய்லரம்மாவும் மட்டும் பக்கத்தில் இருந்தோம். அப்பா கண்ணைத் திறந்து என் கையைத் தேடிப் பிடித்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்லப் போகிறார் என்று. “மகனே, நான் ஊருக்கு...” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் எடுத்துக் கொடுத்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. கடைசி மூச்சையும் உன் பொய்யை மெய்யாக்குவதற்குச் செலவழிக்கிறாரே என்று ஆத்திரமாக இருந்தது.

அப்புறம் அவர் என் கையை விட்டுவிட்டார். கை சட்டைப் பைக்குப் போயிற்று, விசில் இருக்கும் இடத்துக்கு. கதவுப் பக்கம் பார்த்தார். முகம் மாறிவிட்டது. தெளிவாகச் சொன்னார், “விசில் கொடுக்காதே. ஃபுட்போர்டு ஓடி வர்றான்.”

அதுதான் கடைசி வார்த்தை. வேறு எதுவும் சொல்லவில்லை.

“சரிப்பா, கொடுக்கலை” என்றேன். காத்திருந்தோம். ஒவ்வொரு மூச்சும் அவருக்கு ஒரு மேடு ஏறுகிற மாதிரி இருந்தது. கண் கதவை விட்டு அகலவில்லை. டெய்லரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். பார்க்கச் சகிக்கவில்லை தம்பி. ஓர் ஆளை இவ்வளவு நேரம் காக்க வைக்கக் கூடாது.

அதனால் நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்.

“அவன் ஏறிட்டான்ப்பா. போலாம் ரைட்.”

போய்விட்டார்.

ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவள் நான். சாகிறவர் காதில் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இதை எந்தப் புரூஃபில் திருத்துவேன்? உன் பொய்யை மெய்யாக்க அப்பா பாடுபட்டார், அவரால் முடியவில்லை. என்னுடையதை மெய்யாக்க உன்னால்தான் முடியும்.

மாடிப்படி அப்படியேதான் இருக்கிறது. கதவைத் தட்ட வேண்டாம், திறந்துதான் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா